சுமை, சூடு, கல்

மேற்கு டெக்சாஸில் மிட்லண்ட், ஒடெசா ஊர்களைச் சுற்றியுள்ள எண்ணெய் வயல்களுக்குப் போகும் கிளைச் சாலைகளில் பெரும்பாலும் தார் கிடையாது. தரைக்குச் சற்றுக் கீழே கெட்டிப்பட்டுக் கிடக்கும் சுண்ணாம்புப் படிவத்தை வெட்டியெடுத்து, நொறுக்கிப் பரப்பி, மேலே உருளை ஓட்டியிருப்பார்கள். அங்கே அதற்குக் ‘கலீச்சே’ என்று பெயர். நம் பக்கம் கிணறு வெட்டும்போது தட்டுப்படும் சுக்கான் கல்லும் அதே வகைதான். வெயில் காலத்தில் மேலே இருக்கும் தூள் காற்றோடு போய்விடும். நொறுங்கிய கல்லின் விளிம்புகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சாலையிலிருந்து வெளியே வந்தால் உடனே நெடுஞ்சாலை. ஐ-10, ஐ-20 சாலைகளின் மேற்கு டெக்சாஸ் பகுதிகளில் பல இடங்களில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 80 மைல், அதாவது 129 கி.மீ. கோடையில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடும். பின்தட்டில் வெல்டிங் இயந்திரம், குழாய்கள், இரும்புக் கருவிப் பெட்டிகள். இப்படி நாள்தோறும் உழைக்கும் ஒரு பிக்கப் வண்டிக்கு எந்த டயர் தாங்கும்?

டயர் கடையில் இதைக் கேட்டால் பேச்சு, தரையைத் தொடும் மேல்பரப்புக் கட்டிகளான பட்டனில் தொடங்கிப் பட்டனிலேயே முடிந்துவிடும். பட்டன் பெரிதாக, ஆழமாக, முரட்டுத்தனமாக இருந்தால் டயர் நீண்ட நாள் உழைக்கும் என்ற நம்பிக்கை டெக்சாஸிலும் உண்டு, தருமபுரியிலும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. உழைக்கும் வண்டியின் டயரைக் கொல்பவை மூன்று: சுமை, சூடு, கல். பட்டனின் வடிவம் இவற்றில் கல்லுக்கு மட்டும்தான் ஓரளவு பதில் சொல்லும். சூட்டை அது கூட்டக்கூடச் செய்யும். மற்ற விடைகளைப் பக்கச் சுவரில் பொறித்த எழுத்துகளிலும், கண்ணுக்குத் தெரியாத ரப்பர் கலவையிலும்தான் தேட வேண்டும்.

எழுத்துகளை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கப் பிக்கப்களில் பரவலாக உள்ள அளவுகளில் ஒன்று 265/70 ஆர் 17. அகலம் 265 மி.மீ., அந்த அகலத்தில் 70 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், ரேடியல் கட்டுமானம், 17 அங்குல ரிம். கடையில் இதே அளவில் இரண்டு டயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் அளவுக்குப் பின்னால் ‘115 டி’ என்றிருக்கும். இன்னொன்றில் அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ (லைட் டிரக்) என்ற எழுத்துகள், பின்னால் ‘121/118 எஸ்’, கூடவே ‘லோட் ரேஞ்ச் இ’. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பட்டன் இருக்கலாம். விலை வித்தியாசத்தைப் பார்த்து முதலாவதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

115 என்பது எடைக் குறியீடு. அட்டவணைப்படி ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். 121 என்றால் 1,450 கிலோ. (118 என்பது பின்னால் இரட்டைச் சக்கரம் மாட்டும்போது ஒவ்வொன்றும் தாங்கும் எடை, 1,320 கிலோ.) இடைவெளி 235 கிலோதான் என்று தோன்றும். ஆனால் எல்.டி. இல்லாத டயர் கார் வகையைச் சேர்ந்தது. அதைப் பிக்கப்பில் மாட்டினால் எடைத் திறனை 1.10-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படி வகுத்தால் 1,215 கிலோ 1,105 ஆகிவிடுகிறது. பின் அச்சில் 2,700 கிலோ இறங்கும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். டயருக்கு 1,350 கிலோ. எல்.டி. டயர் 100 கிலோ கையிருப்போடு ஓடும். மற்றது 245 கிலோ கூடுதல் சுமையோடு ஓடும். நிற்கும் வண்டியைப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

அந்த 1,450 கிலோவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. டயரில் 80 பி.எஸ்.ஐ. காற்று இருக்க வேண்டும். அதே டயரில் 50 பி.எஸ்.ஐ. மட்டும் இருந்தால் அது தாங்குவது 1,120 கிலோதான்; நம் வண்டிக்குப் போதாது. உண்மையில் வண்டியைத் தூக்கி நிறுத்துவது காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கின்றன. எவ்வளவு அழுத்தம்வரை அடைத்து வைக்கலாம் என்பதைத்தான் லோட் ரேஞ்ச் சொல்கிறது: பொதுவாக ‘சி’ என்றால் 50, ‘டி’ என்றால் 65, ‘இ’ என்றால் 80 பி.எஸ்.ஐ. ‘இ’ வகையைக் கடைக்காரர்கள் ‘10 ப்ளை’ என்பார்கள். பருத்தி நூல் காலத்தில் உள்ளே உண்மையாகவே பத்து அடுக்கு இருந்தது. இன்று இரண்டு மூன்று பாலியெஸ்டர் அடுக்குகளும் எஃகு பெல்ட்டுகளும் அதே பலத்தைத் தருகின்றன. பழைய எண் மட்டும் தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் ஓடும் பிக்கப்களின் டயரில் ‘8 பி.ஆர்.’, ‘10 பி.ஆர்.’ என்று இருப்பதும் இதே கணக்குதான்.

காற்று குறைந்தால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். தரையைத் தொடும் பரப்பு, ஏறத்தாழ, சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. 1,350 கிலோ சுமைக்கு 80 பி.எஸ்.ஐ.யில் அது சுமார் 240 சதுர செ.மீ. 50 பி.எஸ்.ஐ.யில் 380-ஐத் தாண்டிவிடும். அந்தக் கூடுதல் பரப்பு பக்கச் சுவர் அதிகமாக மடங்குவதால் கிடைப்பது. சூடு அங்கேதான் உள்ளே நுழைகிறது.

இந்த அளவு டயரின் சுற்றளவு சுமார் இரண்டரை மீட்டர். மணிக்கு 129 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்கு 14 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு இடமும் தரையைத் தொடும்போது மடங்கி, தரையை விடும்போது நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் முறைக்கு மேல். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கும்போது வளையும் இடம் விரலைச் சுடும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். மடக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு சூடாக உள்ளேயே தங்குகிறது. ரப்பர் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள் என்பதால் அந்தச் சூடு வெளியேற வழி தேடித் திணறுகிறது. ரப்பர் தடிமனாக உள்ள இடத்தில் திணறல் அதிகம். டயரில் அந்த இடம் தோள்பட்டை: பட்டன் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் மூலை. எஃகு பெல்ட்டுகளின் வெட்டு முனைகள் வந்து முடிவதும் அங்கேதான்.

சாதாரண நெடுஞ்சாலை டயரின் பட்டன் புதிதில் 8, 9 மி.மீ. ஆழம் இருக்கும். ஆல்-டெரெய்ன் எல்.டி. டயரில் 12, 13 மி.மீ. கல்லுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அத்தனை ரப்பர் இருப்பது பாதுகாப்பு. அதே ரப்பர்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. கல்லுக்காகக் கொடுத்த தடிமன், வெயிலில் வேகமாக ஓடும்போது எதிராகத் திரும்புகிறது. இந்த வகை டயரைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள உண்மையான சிக்கல் இது. பட்டன் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் ஆபத்தாவதும் இதனால்தான்.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய பாடம் உண்டு. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் தன் ஏ.டி.எக்ஸ்., ஏ.டி.எக்ஸ். 2, வில்டர்னெஸ் ஏ.டி. டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அறிவிப்புக்குள் வந்தவை மொத்தம் 1 கோடியே 44 லட்சம் டயர்கள். அவற்றில் சுமார் 65 லட்சம் அப்போதும் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில் இருந்தன. ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்திலிருந்து பிறந்த வண்டி அது. நெடுஞ்சாலை வேகத்தில் பட்டன் பகுதி பெல்ட்டோடு உரிந்து போனது, வண்டிகள் கவிழ்ந்தன. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் இந்த விபத்துகளோடு தொடர்புபடுத்திய மரணங்கள் 271. புகார்கள் டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களில் குவிந்திருந்தன.

ஃபோர்டு அந்த வண்டிக்குப் பரிந்துரைத்த காற்று 26 பி.எஸ்.ஐ. வண்டியின் வடிவமைப்பையும் குறைந்த காற்றழுத்தத்தையும் ஃபயர்ஸ்டோன் குறை சொன்னது. டயரை ஃபோர்டு குறை சொன்னது. 2001-இல் முடிந்த அரசு விசாரணை, இரண்டு எஃகு பெல்ட்டுகளின் விளிம்புகளுக்கு நடுவே தொடங்கிய நுண்ணிய விரிசல்களில் போய் நின்றது. சூடும் சுமையும் சேரச் சேர விரிசல் உள்ளுக்குள் வளர்ந்து, ஒருநாள் மேல் பெல்ட் பிரிந்துவிடுகிறது. தோள்பட்டை மூலையில், வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் இது நடக்கும். அந்த டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது என்பதை டயர் வாங்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதன் பிறகு அமெரிக்காவில் சட்டம் கடுமையாகியது. இன்று ஒரு எல்.டி. டயர் தகுதி பெற, 38 டிகிரி வெப்பத்தில், மணிக்கு 120 கி.மீ. வேகத்தில், 34 மணி நேரம் உருளையின் மேல் ஓட வேண்டும். அதில் கடைசி 24 மணி நேரம் முழுச் சுமையோடு. நல்ல சோதனைதான். ஆனால் அது எல்லோரும் தாண்ட வேண்டிய குறைந்தபட்சக் கோடு. மேற்கு டெக்சாஸில் அனுமதிக்கப்பட்ட வேகமே அந்தச் சோதனை வேகத்தைவிட அதிகம். ஆகவே எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பார்க்க வேண்டும்: கியூ என்றால் 160 கி.மீ., ஆர் 170, எஸ் 180. யாரும் சுமையோடு 180-இல் போகப் போவதில்லை. ஆனால் அந்த எழுத்து, வேகத்தில் பிறக்கும் சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதற்கு நம் கையில் கிடைக்கும் நல்ல அடையாளம். சேற்றுக்காகச் செய்த மிகப் பெரிய பட்டன் டயர்களில் பலவற்றில் ‘கியூ’ இருப்பதைக் காணலாம். கியூவும் எஸ்ஸும் ஒரே விலையில் கிடைத்தால் எஸ்ஸை எடுங்கள்.

தேய்மானத்துக்கு இப்படி ஒரு எழுத்து கிடையாது. மிட்லண்டிலிருந்து சுமார் 180 கி.மீ. தூரத்தில் உள்ள சான் ஆஞ்சலோவில்தான் அமெரிக்காவின் அதிகாரப்பூர்வத் தேய்மானச் சோதனைப் பாதை இருக்கிறது. 400 மைல் சுற்றுப்பாதையில் மொத்தம் 7,200 மைல் ஓட்டி, தேய்வை அளந்து கார் டயர்களுக்கு மதிப்பெண் தருகிறார்கள். எல்.டி. டயர்களுக்கு அந்த மதிப்பெண் கட்டாயமில்லை. உழைக்கும் வண்டிக்கு வாங்குகிறவர் கலவையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டாக வேண்டும்.

கல் எப்படி டயரைக் கெடுக்கிறது என்று அருகில் உட்கார்ந்து பார்த்தால் கலவையின் அருமை புரியும். கலீச்சே சாலையில் ஓடிய டயரின் பட்டன் ஓரங்களில் நகம் அளவுக்குச் சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்ந்திருக்கும். தேய்ந்து மழமழவென்று இருக்காது, கடித்து எடுத்ததுபோல இருக்கும். கூரான விளிம்பு முதலில் ஒரு கீறலைப் போடுகிறது. அடுத்தடுத்த அழுத்தங்களில் அந்தக் கீறல் உள்ளே வளர்கிறது. அது எவ்வளவு வேகமாக வளரும் என்பதை ரப்பரின் வகை தீர்மானிக்கிறது.

ஒரு ரப்பர் பேண்டைச் சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்த நிலையிலேயே உதட்டில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். தாறுமாறாகச் சுருண்டு கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் இழுக்கும்போது வரிசைக்கு வருகின்றன. மிக அதிகமாக இழுத்தால் சில இடங்களில் படிகமாகவே இறுகிவிடுகின்றன. இயற்கை ரப்பருக்கு இது பெரும் வரம். ஏனென்றால் கீறலின் கூர்முனையில்தான் இழுவிசை மிக அதிகம். கீறல் வளர முயலும் அதே இடத்தில் படிகம் உருவாகி அதற்கு முன்னால் தடுப்பாக நிற்கிறது. விசை தளர்ந்ததும் படிகம் கரைந்து ரப்பர் பழைய நிலைக்கு வந்துவிடும். கார் டயர்களில் அதிகம் சேர்க்கும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் செயற்கை ரப்பரில் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் கோத்திருப்பதால் இந்தப் படிகம் உருவாவதில்லை. மழைச் சாலையில் நன்றாகப் பிடிக்கும், தார்ச் சாலையில் மெதுவாகத் தேயும், கூர்க்கல்லில் தோற்றுவிடும். இயற்கை ரப்பருக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: மடங்கி நிமிரும்போது குறைவாகச் சூடாகும். லாரி டயர், சுரங்க வண்டி டயர், விமான டயர் எல்லாவற்றிலும் அது இன்றும் தவிர்க்க முடியாமல் இருப்பதற்கு இவைதான் காரணங்கள். ஒரே பொருள் சூட்டுக்கும் கல்லுக்கும் சேர்த்து விடை தருகிறது. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் விடியற்காலையில் பால் வெட்டும் ஹீவியா மரத்துக்கு வேதியியலாளர்கள் இன்னும் முழு மாற்றைக் கண்டுபிடிக்கவில்லை.

அதோடு கார்பன் கருமை. ஆரம்பகால டயர்கள் வெளிர் நிறத்தில் இருந்தன. 1910-களில் கார்பன் கருமையைக் கலந்தபோது டயரின் ஆயுள் பல மடங்கு கூடியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் நானோமீட்டரில் சில பத்துகள்தான் அந்தத் துகள்களின் அளவு. அவை ரப்பர் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு உராய்வைத் தாங்குகின்றன. 1990-களில் வந்த சிலிக்கா கலவை எரிபொருளைச் சேமிக்கிறது, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிறது. முழுக்கக் கூர்க்கல்லில் உழைக்கும் வண்டிக்கு நான் கார்பன் கருமை மிகுந்த, வணிக வாகனங்களுக்கென்று செய்த கலவையைத்தான் நம்புவேன். கலவை விகிதத்தை எந்த நிறுவனமும் அச்சிடாது. ஆனால் அந்த மாதிரி எந்த வேலைக்காகச் செய்தது, வெட்டுப்பாடு தாங்கும் கலவையா என்பதை விவரத்தாளில் சொல்லியிருப்பார்கள். கடையில் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

பட்டனின் வடிவத்துக்கு இப்போது வரலாம். பி.எஃப். குட்ரிச் 1976-இல் ரேடியல் ஆல்-டெரெய்ன் டயரைக் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை: சாலை டயரைவிட இடைவெளி அதிகம், சேற்று டயரைவிடக் குறைவு. பள்ளங்களின் சுவர்கள் நேராக இறங்காமல் சரிவாக இருக்கின்றனவா, அடியில் கல்லை வெளியே தள்ளும் சிறு மேடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நேரான பள்ளத்தில் சிக்கிய கல் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே துளைத்துக்கொண்டே போகும். அது எஃகு பெல்ட்டைத் தொட்டுவிட்டால் கதை வேறு. பெல்ட் கம்பிகளுக்குப் பித்தளை முலாம் பூசியிருப்பார்கள். கந்தகம் சேர்ந்த ரப்பர் அந்தப் பித்தளையோடு வேதியியல் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. துளை வழியாக ஈரம் போனால் கம்பி துருப்பிடித்து அந்தப் பிணைப்பு விடத் தொடங்கும். டயரில் சிக்கிய கல்லை அவ்வப்போது குத்தி எடுப்பது வீண் வேலை இல்லை.

பக்கச் சுவர்தான் டயரின் மிக மெல்லிய பகுதி. அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்டிச் சாலைக்கு விட முடியாது. மூன்று அடுக்குப் பக்கச் சுவர் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம், எடை கூடுவதையும் பொறுத்துக்கொள்ளலாம். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டும் வழக்கத்தைக் கல் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. மோனஹான்ஸ் மணல்மேடுகள் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அங்கே காற்றைக் குறைத்தால் டயர் அகன்று மணலில் மிதக்கும். கலீச்சேயில் அதையே செய்தால் பக்கச் சுவர் வெளியே பிதுங்கிக் கல்லின் விளிம்புக்கு நேராகப் போய் நிற்கும்.

வாங்கும்போது இன்னொன்றும் உண்டு: தயாரித்த தேதி. பக்கச் சுவரில் ‘டி.ஓ.டி.’ என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடாமல் நின்றாலும் ரப்பர் காற்றிலுள்ள ஓசோனால் வெடிக்கும். வெப்ப ஊரில் இன்னும் சீக்கிரம். அதைத் தடுக்க 6பி.பி.டி. என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு சேர்ந்து மாறும் பொருள், மழைநீரில் கலந்து ஓடைகளுக்குப் போய்க் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்பதை வாஷிங்டன் மாநில ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள். தேயும் ரப்பரில் ஒரு பங்கு எங்கோ ஓர் ஓடையில் போய்ச் சேரும் என்று அறிந்த பிறகு, டயரை நீண்ட நாள் ஓட வைப்பது வெறும் சிக்கனக் கணக்காக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மிட்லண்ட் வண்டிக்கு நான் சொல்வது: எல்.டி., லோட் ரேஞ்ச் இ, 121, எஸ். வெட்டுப்பாடு தாங்கும் கலவை, மூன்று அடுக்குப் பக்கச் சுவர், நடுத்தர இடைவெளிப் பட்டன். வண்டி எப்போதும் காலியாக ஓடினால் இத்தனை கனமான டயர் தேவையில்லை. 80 பி.எஸ்.ஐ.யில் காலி வண்டி ஓடினால் பட்டனின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து போகும். கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணையைப் பார்த்துக் காற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கார் வகை டயரிலிருந்து எல்.டி.க்கு மாறுகிறவர்கள் பழைய 35 பி.எஸ்.ஐ.யையே வைத்துவிடக் கூடாது. அதே சுமைக்கு எல்.டி. டயர் அதிகக் காற்றைக் கேட்கும்.

காற்றைக் காலையில், வண்டி எடுக்குமுன் பார்க்க வேண்டும். 80 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ. ஏறும். மதியம் ஓடிய டயரில் 90-ஐப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் விடியலில் அது குறைந்துதான் இருக்கும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருப்பதும் சரியில்லை. ஃபயர்ஸ்டோன் விபத்துகளுக்குப் பின் கட்டாயமாக்கப்பட்ட அந்த விளக்கு, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும் என்கிறது விதி. 80-இல் 25 சதவீதம் போனால் 60. அந்த அழுத்தத்தில் 1,350 கிலோவைச் சுமந்துகொண்டு, 40 டிகிரி வெயிலில், மணிக்கு 129 கி.மீ. வேகத்தில் ஓடும் டயரின் தோள்பட்டை மூலையில் என்ன நடக்கிறது என்பதை எந்த விளக்கும் காட்டாது. அதற்குப் பெட்டியில் ஒரு நல்ல பிரஷர் கேஜ் இருக்க வேண்டும், 100 பி.எஸ்.ஐ. வரை அளக்கக்கூடியதாக.